ஒன்பதாம் நிலையத்து வால்வும் நிலுவை அக்காவும்

சட்டமன்றத்துக்கு ஒரு முன்பக்கம் உண்டு. அதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தூண்கள், படிக்கட்டு, படிக்கட்டில் நின்று பேட்டி கொடுப்பவர்கள். அதற்கு ஒரு பின்பக்கமும் உண்டு. குழுக்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கும் உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறைக்கும் நடுவில் உறுதிமொழிக் குழுவின் அலுவலகம். ஆறு இரும்பு அலமாரி, மூன்று மேசை, தலையை ஆட்ட மறந்துபோன ஒரு மின்விசிறி, நிலுவை அக்கா.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி வாசல் காவலர் முதல் சபாநாயகரின் உதவியாளர் வரை எல்லோருக்கும் அவர் நிலுவை அக்காதான். காரணம், யார் போய் எதைக் கேட்டாலும் அவர் பதிவேட்டைப் பிரித்து, விரலால் வரியைத் தடவி, "அது நிலுவையில இருக்கு" என்பார். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் சொல்கிறார். ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

உறுதிமொழிக் குழு என்ன செய்யும் என்று கேட்டால் அதன் உறுப்பினர்களே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்கள். அமைச்சர் ஒருவர் சபையில் எழுந்து 'செய்து தருகிறோம்' என்று சொல்லிவிட்டு உட்கார்வார் அல்லவா? உட்கார்ந்ததும் அவர் மறந்துவிடுவார். கேட்டவர் அதற்கும் முன்பே மறந்திருப்பார். இரண்டு பேருக்கும் பதிலாக நினைவில் வைத்திருப்பதற்கு ஏற்பட்ட குழு இது. சபை நடவடிக்கை முழுவதையும் அச்சில் படித்து, 'ஆவன செய்யப்படும்', 'பரிசீலனையில் உள்ளது', 'விரைவில்' என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் குறித்து, பதிவேட்டில் ஏற்றி, துறைக்குக் கடிதம் போட வேண்டும். துறை ஆறு மாதம் அவகாசம் கேட்கும். கொடுக்க வேண்டும். மறுபடி கேட்கும். மறுபடி கொடுக்க வேண்டும். கடைசியில் 'நிறைவேற்றப்பட்டது' என்று ஒரு வரி வரும். குழு அதைப் படித்து, டீ குடித்து, கைவிடும். இந்தக் குழுவால் நாட்டுக்கு என்ன லாபம் என்று ஆராய்ந்து ஒரு பேராசிரியர் புத்தகம் எழுதினார். அதில் முந்நூறு பக்கம் இருந்தது, விடை இல்லை.

விடை அக்காவிடம் இருந்தது. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருடைய தம்பி குடிநீர்த் துறையில், ஒன்பதாம் நீரேற்று நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தார். தண்ணீரில் கலக்கும் குளோரின் சிலிண்டரின் வால்வு கசிகிறது என்று மேலே மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் பதில் இல்லை. நாலாவது கடிதத்துக்கு வால்வு நேரம் கொடுக்கவில்லை. பின்தெருவில் ஆறு பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சிலிண்டரை மூட உள்ளே ஓடிய தம்பி ஏழாவது ஆள். உயிர் மிஞ்சியது, குரல் போனது. இன்றைக்கும் அவர் பேசினால் பக்கத்து அறையில் யாரோ காகிதம் கிழிக்கிற மாதிரி இருக்கும்.

அப்போது தலைமைப் பொறியாளராக இருந்தவர் விசாரித்து அறிக்கை கொடுத்தார். ஆபரேட்டரின் கவனக்குறைவு, முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் வரவில்லை, முடிந்தது. அமைச்சர் சபையில் அதை வாசித்தார். "கவனக்குறைவான பணியாளர் நீக்கப்பட்டார். நாற்பத்தொரு நிலையங்களிலும் வால்வுகள் மூன்று மாதத்தில் மாற்றப்படும்." மேசைகள் தட்டப்பட்டன. தலைமைப் பொறியாளர் அடுத்த வருஷமே இயக்குநர் ஆனார்.

அந்த அச்சுப் பக்கம் மற்ற பக்கங்களைப் போலவே அக்காவின் மேசைக்கு வந்தது. முதல் வாக்கியத்தில் அவர் குறிக்க ஒன்றும் இல்லை. அது முடிந்துபோன காரியம், உறுதிமொழி ஆகாது. இரண்டாவது வாக்கியம் ஆகும். 'மாற்றப்படும்' என்ற சொல்லின் அடியில் கோடு போட்டார். பென்சில் முனை முறிந்தது. சீவிக்கொண்டு வந்து மறுபடியும் போட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு இரண்டு வேலை. ஒன்று அரசாங்க வேலை. இன்னொன்றும் அதே மேசையில்தான்.

வீட்டில் இதை யாரும் நம்பவில்லை. தம்பி குடும்பமும் அவரும் ஒரே வீடு. தம்பி வாசல் அறையில் மின்விசிறி, மிக்சி ரிப்பேர் செய்துகொண்டிருப்பார். தம்பி மனைவி சமையலறையில் இருந்தபடியே கேட்பார்:

"அண்ணி, இன்னிக்கு அந்த ஆளை எந்த அளவுக்குப் பழிவாங்குனீங்க?"

"அவகாசம் கேட்டிருக்காங்க. கொடுத்துட்டோம்."

"அடேயப்பா. பாவம், துடிச்சுப் போயிருப்பாரு."

தம்பி ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். அந்த இருமல் முடிகிற வரைக்கும் அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தொடமாட்டார்.

தம்பியின் வழக்கு தீர்ப்பாயத்தில் ஒரே ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று கடிதங்கள் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் எங்கே? துறை 'அப்படி எதுவும் வரவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

ஆதாரம் அக்காவின் மூன்றாவது அலமாரியில் இருந்தது. அவர் அதைத் திருடவில்லை, கேட்டு வாங்கினார். குழு துறைக்கு அனுப்பும் கேள்விப் பட்டியல் ஒன்றில், வால்வின் விட்டம், வாங்கிய நிறுவனம், பொருத்தியவர் பெயர் என்று இருபத்தாறு கேள்விக்குப் பிறகு, இருபத்தேழாவதாக 'மேற்படி மாதங்களின் தபால் பதிவேட்டு நகல்' என்று ஒரு வரி சேர்த்தார். இருபத்தாறாவது கேள்வியிலேயே அலுத்துப்போன குமாஸ்தா ஒருவர், பதிவேடு என்று இருந்ததை எல்லாம் நகலெடுத்துக் கட்டி அனுப்பிவிட்டார். படித்துப் பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார். பதினான்காம் பக்கத்தில் மூன்று கடிதமும் வரவு. ஒவ்வொன்றின் எதிரிலும் தலைமைப் பொறியாளரின் கையெழுத்து. மூன்றாவதன் ஓரத்தில் அவர் கையாலேயே, 'பார்த்தேன். தேவையில்லை.'

ஆனால் குழுவுக்கு வந்த காகிதம் குழுவை விட்டு வெளியே போகக் கூடாது. சாட்சி குழுவின் முன்னால் தன் வாயால் ஒப்புக்கொண்டு, அந்தச் சாட்சியம் அறிக்கையோடு இணைந்து, அறிக்கை சபையில் வைக்கப்பட்டால்தான் அது ஊருக்குச் சொந்தம். அதுவரைக்கும் அது ஓர் அலமாரிக்குள் இருக்கும் உண்மை. அலமாரிக்குள் இருக்கும் உண்மைகளுக்கு அரசாங்கத்தில் பஞ்சமே கிடையாது.

கெடுவும் நெருங்கிவிட்டது. அந்த மாதக் கடைசியில் இயக்குநர் ஓய்வு பெறுகிறார். அதற்கு மறுநாளே ஆலோசகராக வேறொரு நாற்காலி தயார். அதே வாரத்தில் சபையின் காலமும் முடிகிறது. சபை முடிந்தால் நிலுவையில் உள்ளதெல்லாம் தானாகவே காலாவதி. போன சபை முடிந்தபோது புதுக் குழுவைக் கொண்டு அக்கா இதை மறுபடி ஏற்றிவிட்டார், ஆனால் இயக்குநர் ஓய்வு பெற்றபின் அது நடக்காது. சாட்சியைக் கூப்பிட மிச்சம் இருந்தது ஒரே ஓர் அமர்வு. பதினோரு உறுப்பினரில் நாலு பேராவது வந்தால்தான் அமர்வு. தேர்தல் வாடை அடித்துவிட்டதால் நாலு மாதமாக இரண்டு பேருக்கு மேல் வரவில்லை. அந்த இரண்டு பேரும் டீக்கு வந்தவர்கள்.

அக்கா தொலைபேசியை எடுத்தார்.

"சார், கடைசி விசாரணைக்கு வந்துருங்க."

"எங்கம்மா நேரம். தொகுதியில தலைக்கு மேல வேலை."

"அன்னிக்குக் குழுவோட நினைவுப் படம் எடுக்குறாங்க சார். ஹால்ல மாட்டுறதுக்கு. முன் வரிசையில உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கோம்."

"எத்தனை மணிக்கு?"

பதினோரு பேரிடமும் தனித்தனியாக முன் வரிசை நாற்காலி சொன்னார். நாற்காலி ஐந்துதான். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர்களின் உறுதிமொழியைக் கணக்கெடுத்தவர், தாமே கொடுத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். எவ்வளவு சுலபம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒன்பது பேர் வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. மர வியாபாரியான உறுப்பினர் மீசைக்கு மை பூசியிருந்தார். புகைப்படக்காரரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "சாட்சி விசாரணை முடிஞ்சதும் படம்" என்றார் அக்கா. ஆகவே ஒருவரும் எழுந்து போகவில்லை.

இங்கே குழுத் தலைவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசியலுக்கு வருமுன் அவர் பஸ் கண்டக்டர். கூட்டத்தைத் தாண்டிக் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கிற குரல். எதைக் கையில் கொடுத்தாலும் நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கிற மாதிரி உரக்கப் படித்துவிடுவார். அதனால் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கேட்க வேண்டிய கேள்விகள் வெள்ளைத் தாளில். சாட்சி என்ன சொல்வார், அதற்குத் தலைவர் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்புகள் மஞ்சள் தாளில். வெள்ளையைப் படிக்க வேண்டும். மஞ்சளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருஷத்தில் தலைவர் இதை நன்றாகப் பழகியிருந்தார்.

அன்று காலை மஞ்சள் தாள் தீர்ந்துவிட்டது என்றார் அக்கா. டைப்பிஸ்ட் அண்ணன் எல்லாவற்றையும் வெள்ளையிலேயே வரிசையாக அடித்துக் கொடுத்தார். ஸ்டோர் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு மஞ்சள் தாள் இரண்டு கட்டு இருப்பு. அதை யாரும் கேட்கவில்லை. அக்காவும் வலியப் போய்க் காட்டவில்லை.

இயக்குநர் வந்து சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல உயரம், நல்ல சட்டை. பல அமர்வுகளைப் பார்த்தவர். முக்கால் மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுகிற முகம். சுவர் ஓரத்து மேசையில் சுருக்கெழுத்தருக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். அமர்வில் அலுவலர் பேசக் கூடாது.

"கேள்வி ஒண்ணு. நாற்பத்தொரு நிலையத்துலயும் வால்வு மாத்தியாச்சா?" தலைவரின் குரல் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுத் திரும்பியது.

"மாத்தியாச்சு சார். பட்டியலே கொடுத்திருக்கோம்."

"ஒன்பதாம் நிலையத்துல?"

"அங்கயும்தான் சார். போன வருஷம்."

"ஒன்பதாம் நிலையத்தை இடித்து மூன்று வருஷம் ஆகிறது என்பதைச் சுட்டிக்காட்டி, அவர் முகத்தைப் பார்க்கவும்," என்று படித்தார் தலைவர். படித்துவிட்டு, தாளில் இருந்தபடியே, அவர் முகத்தைப் பார்த்தார்.

சாய்ந்திருந்த வக்கீல் உறுப்பினர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீதிமன்றத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியும் இப்படி ஒரு குறுக்கு விசாரணையை அவர் பார்த்ததில்லை.

"அது... தட்டச்சுப் பிழையா இருக்கலாம் சார்."

"தட்டச்சுப் பிழை என்பார்," என்று அடுத்த வரியைப் படித்தார் தலைவர். நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். தமக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது போலும். குரல் இன்னும் ஏறியது. "ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு."

மர வியாபாரி சிரித்து, மீசை கலையுமே என்று நிறுத்திக்கொண்டார்.

அக்கா குனிந்து சுருக்கெழுத்தரின் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷம் காத்திருந்தது அடுத்த பக்கத்துக்குத்தான்.

"கேள்வி ஆறு. வால்வு பழுதுன்னு ஒன்பதாம் நிலைய ஆபரேட்டர்கிட்ட இருந்து, விபத்துக்கு முன்னாடி, கடிதம் ஏதாவது வந்துதா? இல்லை என்பார். உடனே பக்கம் பதினான்கைக் காட்டவும். கையெழுத்து அவருடையதா என்று கேட்கவும். ஓரத்தில் எழுதியிருப்பதை அவரையே படிக்கச் சொல்லவும்."

இயக்குநர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. உறுப்பினர்களில் பல் டாக்டர் ஒருவர் உண்டு. பழக்க தோஷத்தில், "பயப்படாதீங்க, சொல்லுங்க" என்றார்.

பக்கம் பதினான்கு மேசை மேல் கைமாறிக் கைமாறி இயக்குநர் முன்னால் வந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார். தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். இதை எழுதியது கண்டக்டர் இல்லை என்று அவருக்குத் தெரியும். பார்வை சுவர் ஓரத்து மேசைக்கு வந்தது. அக்கா நிமிர்ந்து அதை வாங்கிக்கொண்டார். கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாமே இதுலயே எழுதியிருக்கே சார். என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார் இயக்குநர்.

"எனக்கும் அதான் புரியல தம்பி," என்றார் தலைவர். "இருந்தாலும் நீங்க உங்க வாயால சொல்லணும்ல. வந்துதா, வரலையா?"

"வந்துது."

"எத்தனை?"

"மூணு."

"ஓரத்துல என்ன போட்டிருக்கு? கொஞ்சம் சத்தமா. கடைசியில இருக்கறவங்களுக்குக் கேக்கணும்."

"பார்த்தேன். தேவையில்லை." அந்த மனிதர் அதைப் படித்த குரலைக் கேட்டபோது அக்காவுக்குத் தம்பியின் குரல் நினைவு வந்தது. கிட்டத்தட்ட அதே கரகரப்பு. இது தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

படம் எடுத்தார்கள். ஐந்து நாற்காலிக்கு ஒன்பது பேர் தள்ளுமுள்ளு செய்ததில் தலைவர் ஓரமாக நின்றுதான் படத்தில் இருக்கிறார்.

அறிக்கை வரைவு இரண்டு நாளில், படத்தின் பிரதி வாங்க உறுப்பினர்கள் கூடிய அன்று, வந்தது. இயக்குநருக்கும் சபையில் நண்பர்கள் உண்டு. சாட்சியத்தை இணைக்காமல் விட்டுவிடலாமே என்று யாராவது ஆரம்பிக்கக் கூடும். அக்கா முதல் பத்தியில் இயக்குநரின் செயல் 'கண்டிக்கத்தக்கது' என்று எழுதி வைத்தார். எதிர்பார்த்தபடியே உறுப்பினர்கள் அதன் மேல் விழுந்தார்கள். 'வருந்தத்தக்கது' போதும் என்றது ஒரு கட்சி. 'கடுமையாகக் கண்டிக்கத்தக்கது' என்றது இன்னொன்று. நாற்பது நிமிஷம் சண்டை. முடிவில் 'கவலைக்குரியது' என்று எல்லோரும் வெற்றி பெற்றார்கள். களைப்பில், கடைசிப் பத்தியில் இருந்த 'சாட்சியம் முழுமையாக இணைக்கப்படுகிறது' என்ற வரியை ஒருவரும் பார்க்கவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அறிக்கையைச் சபையில் வைக்குமுன் மிச்சம் ஒரு சடங்கு. சாட்சி தன் சாட்சியத்தின் அச்சுப் பிரதியைப் படித்துப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். இயக்குநர் முதலில் உதவியாளரை அனுப்பினார். "சாட்சி அவரா, நீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் அக்கா. ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். வரும்வரை ஓய்வு ஆணைக்கு இந்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று போகாது என்று ஒரு வரிக் கடிதம் போட்டார். ஊரிலிருந்து அன்று மதியமே வந்துவிட்டார்.

வராந்தாவில் அவர் அக்காவை நிறுத்தினார். விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

"அந்த ஆபரேட்டர் உங்க தம்பியாம்மா?"

"ஆமா சார்."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏதாவது பண்ணியிருப்பேன்ல."

"அதனாலதான் சார் சொல்லல."

"ஏழு வருஷமா மனசுல வச்சிக்கிட்டா வேலை பார்த்தீங்க?"

"மனசுல இல்ல சார். பதிவேட்டுல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆலோசகர் வேலையை நிறுத்தி வச்சிட்டாங்க. போதாதா?"

"உள்ள வாங்க சார். கையெழுத்துப் போட்டுட்டுப் பேசலாம்."

உள்ளே டைப்பிஸ்ட் அண்ணனின் மேசைக்கு எதிரே ஒரு பெஞ்சு இருந்தது. அதில், துவைத்த சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு, மடியில் கையை வைத்தபடி ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் பார்வையாளர் சீட்டு. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் அக்காவின் கையெழுத்தில் 'பார்க்க' என்று எழுதியிருந்தது.

இயக்குநர் அவரை அடையாளம் கண்டுகொண்டாரா என்று சொல்ல முடியாது. விசாரணை அறிக்கை எழுதியபோது ஒருமுறைகூட அவரைக் கூப்பிட்டுப் பார்த்தவர் இல்லை.

முப்பத்தோரு பக்கம். முதல் பதினெட்டுப் பக்கங்களில் சரசரவென்று போட்டார். பத்தொன்பதாம் பக்கத்தில் பேனா நின்றது.

"இந்த 'வந்துது'ங்கறதை 'வந்திருக்கக் கூடும்'னு மாத்திக்கலாமாம்மா?"

"சொன்னதைத்தான் சார் போட்டிருக்கு. நீங்க சொல்லாததைச் சேர்க்க எனக்கு அதிகாரம் கிடையாது."

"அப்போ படிச்சுப் பார்க்கக் கொஞ்சம் நேரம் வேணும்."

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெஞ்சிலிருந்து காகிதம் கிழிகிற சத்தம் வந்தது. இயக்குநர் திடுக்கிட்டுத் திரும்பினார். எந்தக் காகிதமும் கிழியவில்லை. அந்த மனிதர்தான் பேசினார்.

"நல்லா படிங்க சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

பத்தொன்பதாம் பக்கத்தில் கையெழுத்துப் போட இயக்குநருக்கு நாலு நிமிஷம் ஆனது. டைப்பிஸ்ட் அண்ணன் தட்டுவதை நிறுத்திவிட்டார். தம்பி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, மை காய்கிற வரைக்கும் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, இயக்குநருக்கு நேர் எதிரில் போட்டு, மிச்சம் இருந்த பன்னிரண்டு பக்கங்களுக்காக உட்கார்ந்தார்.